தாயின்மீது எழுதப்பட்ட தீர்ப்பு

பிறவியிலேயே பார்வையற்றிருந்த மனிதரைக் கண்டதும் சீடர்களுக்கு எழுந்த ஐயம், பாவம் அவருடையதா, பெற்றோருடையதா என்பதே. ஆண்டவர் இரண்டையும் மறுத்ததை யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இருபதாம் நூற்றாண்டில் மருத்துவ உலகம் அதே கேள்வியை எழுப்பி, குற்றம் பெற்றோருடையதே என்று தீர்ப்பும் எழுதியது.

அமெரிக்காவின் பால்டிமோரில் பணியாற்றிய மருத்துவர் லியோ கானர், 1943இல் 11 குழந்தைகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். தமக்குள்ளே ஒடுங்கியிருத்தலும், பழகிய ஒழுங்கு சற்று மாறினாலும் கலங்கிக் கதறுதலும் அவர்களிடம் காணப்பட்டன. ஆட்டிசம் என்று இன்று நாம் அறிவது இந்நிலையே. இது பிறவியில் அமைந்தது என்றே அவர் முதலில் கருதினார். ஆயினும் 1949இல் பெற்றோரின் பாசமின்மையைக் குளிர்சாதனப் பெட்டிக்கு ஒப்பிட்டார். (மனம் குளிர்தல் தமிழில் வாழ்த்து; அங்கோ அது வசையாயிற்று.) 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அவ்வசையைப் பரப்பியது. இரவும் பகலும் பிள்ளையைப் பேணிக் களைத்த தாய், அதைக் கெடுத்தவளும் தானே என்ற பழியையும் சுமந்தாள்.

இதனை முன்னரே எதிர்த்து எழுந்தவர் ஒரு தந்தை. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராயிருந்த பெர்னார்ட் ரிம்லண்டின் மகனுக்கும் ஆட்டிசம் இருந்தது. காரணம் உடலில் உள்ளது, வளர்ப்பில் அன்று என 1964இல் அவர் நூலெழுதினார்; மறு ஆண்டே அவர் முயற்சியால் பெற்றோர் சங்கமும் தோன்றியது. 1969இல் அச்சங்கத்தின் கூட்டத்தில், கானர் தாமே பெற்றோரைக் குற்றமற்றவர் என அறிவித்தார். 1977இல் 21 இணை இரட்டையரை ஆராய்ந்த ஃபோல்ஸ்டைனும் ரட்டரும் மரபுவழியின் பங்கை எடுத்துக்காட்டினர்.

வழக்கு முடிந்த செய்தி நம் புதுக்கோட்டைச் சீமைக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. கிரகணத்தில் வெளியே வந்தாள், வேலைக்குப் போய்ப் பிள்ளையைக் கவனியாது விட்டாள் என்று சொல்லும் வாய்கள் நம் அன்பியங்களிலும் உள்ளன. தந்தை சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ உழைக்கிறார். பிள்ளை உறங்காத இரவெல்லாம் தாயும் உறங்குவதில்லை. திருப்பலியில் பிள்ளை சத்தமிட, பத்துத் தலைகள் திரும்ப, அடுத்த ஞாயிறு அவள் வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். அவளைக் கோவிலுக்கு வெளியே நிறுத்தியது ஆட்டிசம் அன்று, நாமே.

தமக்குப் பின் பிள்ளைக்கு யார் என்ற அச்சத்திற்குச் சட்டம் ஓரளவு விடை தருகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது நிறைந்தவருக்குப் பாதுகாவலரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தைச் சேர்த்துள்ளது.

ஆனால் இன்றிரவு உறக்கத்தைச் சட்டம் தராது. பிள்ளைக்கு நன்கு பழகிய அண்டை வீட்டார் ஒருவர் வாரந்தோறும் அதே நாளில், அதே நேரத்தில் இரண்டு மணி நேரம் உடனிருந்தால், தாய் கண்ணயரலாம். வருகிறவர் பிள்ளையின் தட்டையும் பாயையும் மட்டும் இடம் மாற்றாதிருக்கட்டும்.