குத்துமதிப்பு

'வாழ்க்கைக்குக் கைகொடுப்பது கணக்கா, குத்துமதிப்பா?' இதுதான் தலைப்பு. 'கணக்கே' என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணியிலே அம்மா கேட்டாங்க: "குழம்புக்கு உப்புப் போட எங்கம்மா தராசா வச்சிருந்தாங்க?" நல்லா கைதட்டல் வாங்கிட்டாங்க. தராசு இல்லைதான் அம்மா! ஆனா, இன்னைக்கு எத்தனை பேர் சாப்பாடுன்னு எண்ணிப் பார்த்துத்தானே அந்தக் கை உப்பை அள்ளியது?

இங்கிலீஷ்காரன் 'கெஸ்டிமேட்' என்கிறான். 'கெஸ்' என்றால் ஊகம். 'எஸ்டிமேட்' என்றால் மதிப்பீடு. இரண்டையும் ஒட்டுப்போட்டு 1930களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த சொல். முழுக் கணக்கும் கையில் இல்லை; ஆனால் பதில் சொல்லியாக வேண்டும். அப்போது உதவுகிற சொல்.

நமக்குக் குத்துமதிப்பு உண்டு, உத்தேசம் உண்டு, சுமார் உண்டு. இந்தச் 'சுமார்' பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அதற்கு என்ன பொருள் தெரியுமா? எண்ணிக்கை! நம்ம ஊருக்கு வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டது. "படம் எப்படி?" "சுமார்!" (சிரிப்பு)

இந்தக் கடற்கரை மீனவரைக் கேளுங்கள். "ஏழு பாகம் தண்ணி" என்பார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. ஆங்கிலேயனின் 'பேதம்' என்ற அளவும் விரித்த கையில் பிறந்ததுதான். கை ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அவர் கயிற்றை இறக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் ஐயா! நல்ல குத்துமதிப்புக்குள்ளே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

கணக்கு இல்லாத குத்துமதிப்பு எப்படி இருக்கும்? தனுஷ்கோடிக்குப் போய்ப் பாருங்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவு. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் கடல் எழுந்து அப்படியே வாரிக்கொண்டு போனது. எத்தனை பேர்? ஊழியர்களோடு 115 என்று ஒரு கணக்கு. சீட்டு வாங்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இருநூறு வரை என்று இன்னொரு கணக்கு. சீட்டு வாங்கினவன் கணக்கிலே வந்தான். வாங்காதவன்? அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள் அல்லவா?

அந்தப் புயலில் இறந்தவர்கள் '1,800க்கு மேல்' என்று எழுதுகிறார்கள். நடுவர் அவர்களே, அந்தக் 'க்கு மேல்' இருக்கிறதே, அதற்குள்ளே எத்தனை வீட்டு விளக்கு அணைந்து கிடக்கிறது!

உப்பைக் குத்துமதிப்பாகப் போடலாம். கூடினால் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். உயிரை அப்படிச் சொல்லக்கூடாது. அதை ஒன்று, இரண்டு என்று பெயர் சொல்லித்தான் எண்ண வேண்டும். எனவே, கணக்கே!