கதவில் இட்ட பதினொரு புள்ளிகள்

இரண்டாம் உலகப் போரில் நம் திருவனந்தபுரத்தின் மீது குண்டு விழவில்லை. ஆயினும் அப்போரின் ஒரு பகுதி நம் காலனியில் ஓர் இல்லத்திலே இன்றும் வாழ்கின்றது. அதனை இம்மலரின் வாயிலாக அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

நாஞ்சில் நாட்டிலிருந்து கொழும்புக்குச் சென்று, புறக்கோட்டைக் கடையொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் குடும்பம் அது. பம்பலப்பிட்டியில் குடியிருந்தனர். அன்று ஏழு வயதுச் சிறுமி. இன்று தொண்ணூறைக் கடந்த ஆச்சி. அவர் சொல்லக் கேட்டவற்றை வரலாற்று ஏடுகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தோம்.

1942 ஏப்ரல் 4ஆம் நாள், கனடா நாட்டு விமானி லெனார்டு பர்ச்சால், கொக்கலையிலிருந்து காட்டலினா விமானத்தில் புறப்பட்டு, இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கடற்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பினார். உடனே சுட்டு வீழ்த்தப்பட்டார். ஒன்பது பேரில் அறுவரே பிழைத்துச் சிறைப்பட்டனர். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பின் மீது நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் குண்டு பொழிந்தன. துறைமுகத்தில் உழைத்த நம் நாட்டுத் தொழிலாளர் பலர் வேலையை விட்டு ஊர் திரும்பத் தொடங்கினர். விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் 6ஆம் நாள் தாக்கப்படவே, சென்னையும் கலங்கிற்று.

ஆச்சியின் நினைவு 9ஆம் நாள் வியாழக்கிழமையைப் பற்றியது. கொழும்பின் குதிரைப் பந்தயத் திடலை அப்போது விமானத் தளமாக்கியிருந்தனர். அங்கே பிரித்தானிய வான்படையின் 11ஆம் அணியின் பிளென்ஹீம் குண்டுவீச்சு விமானங்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் மூவர்: ஓட்டுபவர், வழி கணிப்பவர், கம்பியில்லாத் தந்தியோடு துப்பாக்கியையும் கவனிப்பவர். கிரேக்கத்திலும் பாலைவனத்திலும் போரிட்டு வந்த அணி அது.

அன்று காலை விமானங்கள் எழுந்தபோது, ஆச்சியின் தாயார் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டுக் கதவில் புள்ளி வைத்தாராம். பதினொன்று. சற்று நேரத்தில் இரண்டு திரும்பின. இரண்டு புள்ளிகளை அழித்தார். பகலில் நான்கு வந்தன. வந்தவை நம் கண்ணுக்குத் தெரியாத பெருங்கப்பலை மூழ்கடித்துவிட்டன என்று தெருவெங்கும் பேச்சு. அக்குடும்பத்திலும் மூன்று தலைமுறையாக அதுவே கதை.

எண்ணிக்கையில் ஆச்சியின் நினைவு பிசகவில்லை. பதினொன்று புறப்பட்டு, எந்திரக் கோளாற்றால் இரண்டு மீண்டது உண்மையே. எஞ்சிய ஒன்பதும் துணைக்கு ஒரு போர் விமானமும் இன்றிச் சென்று, நகுமோவின் தலைமைக் கப்பலான அக்காகியைச் சுற்றிக் குண்டு வீசின. எதிர்பாராத தாக்குதல் அது. பேர்ல் துறைமுகம் தொட்டு நான்கு மாதமாக வெற்றியே கண்ட கப்பலருகே நீர்த்தூண்கள் எழுந்தன. ஆனால் ஒரு குண்டும் கப்பலைத் தொடவில்லை. ஜீரோ விமானங்கள் பிளென்ஹீமைவிட மிக விரைவானவை. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானியர் மூழ்கடித்தனர். அக்காகி இரண்டு மாதங்கள் கழித்து, மிட்வே போரிலேதான் அழிந்தது.

இதனை ஆச்சியிடம் சொல்வதா என நாம் தயங்கியதுண்டு. குடும்பம் போற்றி வந்த வெற்றியைப் பறிப்பானேன்? எனினும், பொய்யான வெற்றியினும் அந்த இளைஞர்களின் மெய்யான முயற்சியே பெரிதென்று தோன்றவே, சொல்லிவிட்டோம். கடலில் மறைந்து கல்லறை இல்லாத வான்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன என்பதையும் கூறினோம்.

ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு விரல்விட்டு எண்ணி, “அஞ்சு மூணு பதினஞ்சு பிள்ளைகளா?” என்றார். அதன்பின் அதுவரை நாம் கேட்டிராத ஒன்றைச் சொன்னார். அவ்வாரமே அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடி வந்து, செங்கோட்டை மலைப்பாதை வழியே தம்பானூரில் இறங்கினர். புறப்படும் முன் வீடு முழுதும் கூட்டித் துடைத்த தாயார், கதவை மட்டும் துடைக்கவில்லையாம்.

“அந்த அஞ்சு புள்ளியையும் அம்மை அழிக்கவே இல்லை” என்றார் ஆச்சி.