நாய்ப் பார்வோ வைரசு: தோற்றமும் பரவலும்

நாய்ப் பார்வோ வைரசு என்பது நாய்களின் குடலைத் தாக்கும் கொடிய வைரசு ஆகும். பூனைகளைத் தாக்கும் வைரசு ஒன்றுக்கு நெருங்கிய உறவுடைய இது, 1978ஆம் ஆண்டில் புதிய நோய்க்காரணியாகக் கண்டறியப்பட்டது. அன்று பெரும்பாலான நாய்களுக்கு இதை எதிர்க்கும் ஆற்றல் இல்லை. அதனால் இரண்டே ஆண்டுகளில் உலகெங்கும் பரவி ஏராளமான நாய்களைக் கொன்றது.

நோயுற்ற நாயின் மலத்தின் வழியே இது பரவுகிறது. மண்ணில் மாதக்கணக்கில் அழியாதிருக்கும்; மனிதரின் காலணியிலும் ஒட்டிச் செல்லும். வாந்தி, இரத்தக் கழிச்சல், நீரிழப்பு ஆகியவை முக்கிய அறிகுறிகள். தொடக்கக் காலத்தில் பல குட்டிகள் இதயத்தசை அழற்சியால் திடீரென இறந்தன.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லேலண்ட் கார்மைக்கேல், மேக்சு ஆப்பெல் ஆகியோர் தடுப்பூசியை உருவாக்கினர். தடுப்பூசி பெற்ற தாயின் எதிர்ப்பாற்றல் சீம்பால் வழியே குட்டிகளைக் காத்ததால் இதயப் பாதிப்பு அரிதானது. ஆயினும், தடுப்பூசி போடாத குட்டிகளை இந்நோய் இன்றும் கொல்கிறது.