கேபின் வகுப்பும் கப்பல் மரியாதையும்

பணி ஓய்வு பெற்ற நண்பர்கள் பலர் இப்போது உல்லாசக் கப்பலில் போய் வருகிறார்கள். 2022-இல் சென்னையிலிருந்தே எம்ப்ரஸ் என்ற கப்பல் புறப்பட்ட பிறகு இந்த ஆசை இன்னும் கூடிவிட்டது. ஒருமுறை போய் வந்தவர்கள், "அடுத்த தடவை நாம் பழைய வாடிக்கையாளர், மேல் வகுப்பு கேபின் கொடுப்பார்கள்" என்கிறார்கள். இந்த மரியாதைக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்குப் பயணிகள் கப்பல் என்றால் 'பக்போ'. தபால் கட்டுகளைச் சுமந்த கப்பலுக்கு ஆங்கிலேயர் வைத்த பேரைப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்ட சொல் அது. 1851-இல் தொடங்கிய மெஸாஜெரி மரித்தீம் கம்பெனியும் அரசாங்கத் தபாலை நம்பி வளர்ந்ததுதான். 1862 முதல் அதன் கப்பல்கள் இந்தோசீனா வரை ஓடின. நம் ஊர்க்காரர்கள் சைகோனுக்கு உத்தியோகம் பார்க்கப் போனதும் அந்தக் கடல் வழியில்தான்.

அரசாங்கச் செலவில் போகிறவருக்கு எந்த வகுப்பு என்பதை அவருடைய பதவி தீர்மானித்தது. பயணப்படி விதிகளோடு மல்லுக்கட்டிய என் போன்ற குமாஸ்தாக்களுக்கு இது புதிதல்ல. பத்து முறை கடல் தாண்டினாலும் மூன்றாம் வகுப்புக்காரர் மூன்றாம் வகுப்பிலேயே போக வேண்டும். பதவி உயர்ந்தால்தான் கேபினும் உயரும்.

அனுபவசாலிகள் வேறொன்றையும் கவனித்தார்கள். இங்கிலாந்திலிருந்து கிழக்கே வரும்போது கப்பலின் இடப்பக்கம் வடக்கு நோக்கி இருக்கும், வெயில் குறைவு. திரும்பும்போது வலப்பக்கம் நல்லது. குளிர்சாதன வசதி இல்லாத காலத்தில் செங்கடலைத் தாண்டியவர்களுக்கு இது பெரிய விஷயம். 'பாஷ்' என்ற ஆங்கிலச் சொல்லே இந்தக் கேபின்களுக்கான டிக்கெட்டில் குத்திய முத்திரையிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. அப்படி ஒரு டிக்கெட்டும் இதுவரை கிடைக்கவில்லை. அகராதிக்காரர்கள் அந்தக் கதையை ஏற்பதில்லை.

ஜெட் விமானம் வந்ததும் இந்தக் கப்பல்களின் காலம் முடிந்தது. மெஸாஜெரி மரித்தீமுக்காக 1953-இல் ஓடத் தொடங்கிய 'காம்போஜ்', பிற்பாடு கிரேக்கர்கள் கைக்குப் போய் 'ஸ்டெல்லா சொலாரிஸ்' என்ற உல்லாசக் கப்பலாக மாறியது. கடைசியில் குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைக்கப்பட்டது.

வகுப்பு போய்விட்டதா? இல்லை, பெயர் மாறியது. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பறந்த மைல்களுக்குக் கணக்கு வைத்துச் சலுகை தரத் தொடங்கியது. கப்பல் கம்பெனிகளும் இதே போலப் படிப்படியாகத் தரம் பிரித்தன. ராயல் கரீபியனில் ஓர் இரவுக்கு ஒரு புள்ளி, சூட் என்றால் இரண்டு. கோல்டு, பிளாட்டினம், எமரால்டு, டயமண்ட் என்று ஏறி, உச்சியான பினாக்கிள் தரத்தைத் தொட 700 புள்ளிகள் வேண்டும். சாதாரண கேபினில் போகிறவர் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கடலிலேயே கிடக்க வேண்டும்!

இந்தப் புள்ளிகளுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் முன்னதாகக் கப்பல் ஏறுவது, இலவச பானம், தள்ளுபடி போன்றவை. மேல் கேபின் உறுதி என்று பொதுவாக எழுதிக் கொடுப்பதில்லை. நல்ல கேபின்கள் விற்காமல் நின்றால் கீழே இருப்பவரை மேலே ஏற்றிவிட்டு, சீக்கிரம் விலைபோகும் கீழ்க் கேபினை இன்னொருவருக்கு விற்கலாம். இப்போது சில கம்பெனிகள் அதையும் ஏலத்தில் விடுகின்றன. நாம் ஒரு தொகை சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் தருவார்கள்.

நம் வயதுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல் தளத்துக் கேபின் எப்போதும் மேலானதல்ல. கப்பல் ஆட்டம் குறைவாகத் தெரிவது நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில். முன்கோடியில் பால்கனியோடு கிடைத்தால் பெருமைதான். தலைசுற்றலும் கூடவே வரலாம். லிஃப்டிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள். முழங்கால் வலிக்குப் புள்ளிகள் மருந்தாகாது.

அந்தக் காலத்து வகுப்பு பிறப்பையும் பதவியையும் பார்த்தது. இன்றைய தரம் பணத்தைப் பார்க்கிறது. யாரும் ஏறலாம் என்ற அளவில் இது முன்னேற்றமே. ஆனால் இதை 'விசுவாசம்' என்று கம்பெனி சொல்லும்போது, நம் பென்ஷனும் அந்தக் கணக்கில் இருப்பதை மறக்கக் கூடாது. எந்தக் கேபினுக்குப் பணம் கட்டினோமோ அதில் நிம்மதியாகத் தூங்க முடியும் என்றால் மட்டும் டிக்கெட் எடுங்கள். மேலே கொடுத்தால் லாபம்.