கைக்குழந்தையின் அழுகையும் அதற்குக் கண்ட மருந்துகளும்

கைக்குழந்தை ஓயாமல் அழுதால் பல் முளைக்கிறது அல்லது வயிறு வலிக்கிறது என்பதே 19ஆம் நூற்றாண்டில் மேலைநாடுகளில் இருந்த பொதுவான முடிவு. இரண்டுக்கும் மருந்துகள் தாராளமாக விற்றன.

இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் வீடுகளில் ‘காட்ஃப்ரேஸ் கார்டியல்’ புழங்கியது. அது சர்க்கரைப் பாகில் கலந்த அபின். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1849இல் விற்பனைக்கு வந்த ‘மிஸஸ் வின்ஸ்லோஸ் சூத்திங் சிரப்’பில் மார்ஃபின் இருந்தது. அதைக் குடித்த குழந்தைகள் அழாமல் தூங்கின. சில எழுந்திருக்கவே இல்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1911இல் அதைக் குழந்தைக்கொல்லி மருந்துகளோடு சேர்த்துக் கண்டித்தது.

பல் முளைக்கும்போது கொடுத்த பொடிகளில் பாதரச உப்பான கலோமல் இருந்தது. கைகால் சிவந்து தோல் உரிய, குழந்தை எந்நேரமும் சிணுங்கும் ‘பிங்க் நோய்’ நெடுங்காலம் புதிராகவே இருந்தது. பாதரசமே அதற்குக் காரணம் என்பது 1940களின் பிற்பகுதியில்தான் தெரிந்தது. 1954இல் பிரிட்டிஷ் பொடிகளிலிருந்து பாதரசம் விலக்கப்பட்டதும் நோய் அருகிப்போனது. அழுகையை நிறுத்தக் கொடுத்த மருந்தே பல குழந்தைகளை அழவைத்திருக்கிறது.

வயிற்று வலிக்கு வந்தது கிரைப் வாட்டர். நாட்டிங்காமைச் சேர்ந்த வில்லியம் உட்வர்ட் 1851இல் இதைத் தயாரித்தார். சதுப்புநிலக் காய்ச்சலுக்குத் தந்துவந்த கலவையே இதற்கு முன்மாதிரி. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, சாராயம் ஆகியவை சேர்ந்தது அது. பிரிட்டனில் 1992இல் சாராயம் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டு வீடுகளில் உரைமருந்தோடு இதுவும் இடம்பிடித்தது. சுட்ட வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் ஆகியவற்றைக் கல்லில் தாய்ப்பால் விட்டு உரைத்துச் சங்கில் புகட்டுவது இங்கு பழைய வழக்கம்.

அழுகையையே அளந்து பார்க்கும் ஆய்வுகள் பின்னால் வந்தன. நலமான குழந்தை நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அது ‘கோலிக்’ என்று மாரிஸ் வெஸ்ஸல் குழுவினர் 1954இல் வரையறுத்தனர். 1962இல் பெரி பிரேசல்டன், 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரைக் கொண்டு குறிக்கச் செய்தார். அழுகை ஆறாம் வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்றாம் மாதத்துக்குள் தணிந்தது. தானாக அடங்கும் அழுகைக்குத்தான் ஒவ்வொரு மருந்தும் பேர்வாங்கிக்கொண்டது.

விடாமல் அழும் குழந்தைகளில் உடற்கோளாறு உள்ளவை மிகச் சிலவே. காது அல்லது சிறுநீர்த் தொற்று, குடலிறக்கம், குடல் செருகல், பசும்பால் ஒவ்வாமை, கண்ணில் கீறல், விரலில் இறுகச் சுற்றிய தலைமுடி ஆகியவற்றை மருத்துவர்கள் இன்று தேடுகிறார்கள். இவை எதுவும் இல்லை என்று உறுதியானால், மருந்தின்றிப் பொறுத்திருக்கவே சொல்கிறார்கள்.