ட்யூப் லைட்டும் மீன் தொட்டியும்

சொன்ன ஜோக்குக்கு ஐந்து நிமிடம் கழித்துச் சிரிப்பவனுக்குத் தமிழ்நாட்டில் 'ட்யூப் லைட்' என்று பெயர். பாவம், அந்த விளக்கு மந்தமானது இல்லை. அது எரிவதற்குள் நடக்கும் வேலைகள் அப்படி!

கதை ரொம்பப் பழசு. 1857-ல் ஜெர்மனியில் கெய்ஸ்லர், காற்றை உறிஞ்சிய கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாய்ச்சி ஒளி வரவைத்தார். 1901-ல் அமெரிக்காவில் கூப்பர் ஹெவிட் பாதரச ஆவி விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். நல்ல வெளிச்சம்தான், ஆனால் பச்சை நீலத்தில் மனிதர் முகமெல்லாம் பேய் முகமாகத் தெரிந்தது. குழாயின் உட்புறம் ஒளிரும் பொடியைப் பூசி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வெள்ளை ஒளியாக மாற்றியதுதான் திருப்புமுனை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஜார்ஜ் இன்மான் குழு செய்த விளக்கு 1938-ல் விற்பனைக்கு வந்தது.

அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான், 1937-ல், மேட்டூர் அணையில் நீர்மின் உற்பத்தி தொடங்கியது. பிற்பாடு சேலம் பக்கத்துத் தறிக்கூடங்களில் நாலடி ட்யூப்கள் வரிசையாகத் தொங்கின. ஆட்டையாம்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கைமுறுக்குதான் ஞாபகம் வரும். தறிச் சத்தமும் அந்த ஊருடையதுதான். சோக் வைத்த ட்யூப் வினாடிக்கு 100 முறை மினுங்கும். அந்த வெளிச்சத்தில் வேகமாகச் சுற்றும் சக்கரம் சில சமயம் நிற்பது போலத் தெரியும். அது நிற்கிறது என்று நம்பிக் கை வைத்தால்? அதனால்தான் தொழிற்கூடங்களில் பக்கத்துப் பக்கத்து ட்யூப்களை வேறு வேறு பேஸில் இணைக்கச் சொல்வார்கள்.

மீன் தொட்டிக்கு வருவோம். சென்னை மெரினாவில் மீன் காட்சிசாலை திறந்தது 1909-ல். அப்போது ட்யூப் லைட்டே கிடையாது. 1960-களில் செடிகளுக்கென்று சிவப்பும் நீலமும் தூக்கலான ட்யூப்கள் அமெரிக்காவில் வந்தன. அந்த இளஞ்சிவப்பு ஒளியில் நியான் டெட்ரா இரண்டு மடங்கு பளபளத்தது. மீன் வளர்ப்பவர்கள் விடுவார்களா?

ஆனால் தண்ணீருக்கு மேல் தொங்கும் ட்யூப்புக்கு ஆயுசு கஷ்டம்தான். ஆவியும் தெறிக்கும் நீரும் ஹோல்டரில் பச்சைக் களிம்பை ஏற்றிவிடும். கோளாறைக் கண்டுபிடிக்க, அது எரியும் விதம் தெரிந்தால் போதும். சுவிட்ச் போட்டதும் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் உலோகத் தகடு சூடாகி வளைந்து தொடும். மின்சாரம் ட்யூப்பின் இரு முனை இழைகளையும் சூடாக்கும். தகடு ஆறிப் பிரியும் அந்தக் கணத்தில் சோக் ஓங்கி ஓர் உதை விடும். பற்றினால் எரியும், இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. வோல்டேஜ் குறைந்த சாயங்காலங்களில் ட்யூப்கள் கண்ணடித்துக்கொண்டே இருப்பது இதனால்தான்.

இரண்டு முனை மட்டும் சிவந்து நடுவில் இருட்டாக இருந்தால் பெரும்பாலும் ஸ்டார்ட்டரின் தகடு ஒட்டிக்கொண்டது. ஒரு ஸ்டார்ட்டர் மாற்றினால் தீரும். முனைகள் கரி போலக் கறுத்து விட்டுவிட்டு எரிந்தால் ட்யூப்பின் காலம் முடிந்தது. இரண்டையும் மாற்றியும் உயிர் வரவில்லை என்றால் ஹோல்டரையும் சோக்கையும் பார்க்க வேண்டும். எதைத் தொடுவதற்கு முன்னாலும் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரல் வயரில் இருந்தால், அணைத்த பிறகும் பட்டியில் கரண்ட் இருக்கும். கீழே தண்ணீர், ஈரக் கை... சொல்லவே வேண்டாம்.

இன்னொரு விஷயம், உள்ளே இருக்கும் பாதரசம். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஆலைக் கழிவின் பாதரசம் மீன்களில் சேர்ந்து, அதைத் தின்ற மக்களை முடக்கியது. நோய் 1956-ல் வெளியே தெரிந்தது. அந்த ஊர்ப் பெயரிலேயே 2013-ல் சர்வதேச உடன்படிக்கை உருவானது, இந்தியா 2018-ல் ஏற்றது. 2023-ல் கூடிய நாடுகள், நீள ட்யூப்களின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்த முடிவெடுத்தன.

எல்இடி ட்யூப் வந்துவிட்டது, சோக்கும் ஸ்டார்ட்டரும் வேண்டியதில்லை. ஃபியூஸான பழைய ட்யூப்கள்தான் இன்னும் பல இடங்களில் தறிக்கூடத்து மூலையிலும் மொட்டை மாடியிலும் சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம். பையன்கள் கையில் கிடைத்தால் கல்லால் அடித்து 'டப்' சத்தம் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.