வடசென்னைக் கடலரிப்பும் பொறியியல் ஆய்வின் எல்லையும்

தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஓர் ஆய்வின் செல்வாக்கை இன்று மேற்கோள் எண்ணிக்கையால் அளக்கிறோம். கடற்பொறியியலுக்கு இந்த அளவை போதாது. இராயபுரத்திலிருந்து எண்ணூருக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர் வலப்பக்கம் காணும் கருங்கல் நீட்சிகளை மீனவர்கள் ‘தூண்டில் வளைவு’ என்கிறார்கள். அவற்றுள் 2004-ஐ ஒட்டி மீன்பிடித் துறைமுகத்துக்கு வடக்கே எழுந்த பத்தும் சென்னை ஐ.ஐ.டி. கடற்பொறியியல் துறையின் ஆய்வில் பிறந்தவை. ஒரு கரையின் வடிவத்தையே மாற்றியமைத்த ஆய்வு இது. தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அந்த ஆய்வு தகுந்த விடையைத் தந்தது என்பதும், கேள்வியின் எல்லை மணலின் போக்கைக் கொண்டு வகுக்கப்படாமல் சாலையின் நீளத்தைக் கொண்டு வகுக்கப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்தச் சிக்கல் ஐ.ஐ.டி. தோன்றுவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் முந்தியது. 1861-இல் மதராஸ் கரைக்குக் கிடைத்த இரும்புப் பாலம், திறந்த கடலில் நின்ற கப்பல்களுக்குப் போதவில்லை. வில்லியம் பார்க்ஸ் வகுத்த திட்டத்தின்படி, கரையிலிருந்து கடலுக்குள் நீளும் இரு அலைத்தடுப்புச் சுவர்களின் வேலை 1870-களின் நடுவில் தொடங்கியது. 1881 நவம்பர்ப் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். புயலின் சேதத்தைக் கல்லாலும் பணத்தாலும் சரிசெய்ய முடிந்தது. சுவர் மறித்த மணலை அப்படிச் சரிசெய்ய முடியவில்லை.

சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவத்தின் நீண்ட மாதங்களில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதி மணலை வடக்கே நகர்த்துகின்றன. தெற்கிலிருந்து வரும் இந்த ஓட்டத்தை மீனவர்கள் தெண்டி என்பார்கள். வாடைக்காலத்தில் திசை திரும்பினாலும் அந்தக் காலம் குறுகியது. ஆண்டு முடிவில் நிகர ஓட்டம் வடக்கு நோக்கியே இருக்கும். குறுக்கே சுவர் எழுந்ததும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் தமக்கு வரவேண்டிய மணலை இழந்தன. சென்னையின் பெருமையாகச் சொல்லப்படும் கடற்கரையும் வடசென்னையின் இழப்பும் ஒரே கணக்கின் வரவும் செலவும்தான். இதை நகர வரலாறு எழுதுவோர் இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

1904 முதல் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இதை நன்கு அறிந்திருந்தார். துறைமுகத்தருகே மணல் நகரும் விதத்தைப் பற்றிப் பிரிட்டிஷ் பொறியாளர் கழகத்துக்குக் கட்டுரை எழுதியவர் அவர். மணல் வாயை அடைக்கும் என்று கண்டு கிழக்கு வாயிலை மூடி, வடகிழக்கில் புது வாயில் திறந்தார். கணித மேதை இராமானுஜன் எழுத்தராக வேலை பார்த்ததும் இதே அலுவலகத்தில்தான். அன்று சேப்பாக்கத்தில் இருந்த பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் கிரிஃபித் 1912-இல் அவருடைய கணிதத்தை இலண்டனுக்கு அனுப்பிவைத்தார். கல்லூரிக்கும் துறைமுகத்துக்கும் இடையே அறிவுப் போக்குவரத்து நெடுங்காலமாக உண்டு என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். ஆனால் ஸ்பிரிங்கின் மணல் ஆய்வும் கப்பல் நுழையும் வாயைக் காக்கவே நடந்தது. வடக்கே கரையும் குப்பங்கள் அவர் வகுத்த கேள்விக்கு வெளியே இருந்தன. பின்வந்த ஆய்வுகளும் இந்த அமைப்பைப் பெரிதாக மாற்றவில்லை.

பல பத்தாண்டுகள் அரிப்புக்கு மருந்து, கரையோரமாகக் கல் கொட்டுவது ஒன்றாகவே இருந்தது. கற்சுவர் தன் பின்னால் இருப்பதைக் காக்குமே தவிர, முன்னால் மணலைச் சேர்க்காது. மோதித் திரும்பும் அலை அடிமணலை வாரிச்செல்ல, சுவர் சரிந்து, மறுபடி கல் கொட்ட வேண்டிவரும். எண்ணூர் விரைவுச் சாலை அறுபடும் நிலை வந்தபோது, ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் வி. சுந்தர் முதலானோர் கரைக்குக் குறுக்கே நீளும் தூண்டில் வளைவுகளைப் பரிந்துரைத்தார்கள். அலை மணலை நகர்த்தும் பட்டையின் ஒரு பகுதியை மறித்தால் இரு வளைவுகளுக்கிடையே மணல் தங்கும் என்பது அதன் தத்துவம். நீளத்தையும் இடைவெளியையும் ஒன்றுக்கொன்று பொருந்த அமைக்க வேண்டும். வேலை முடியும் காலத்திலேயே, 2004 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை வந்தது. வளைவுகள் அதன் போக்கை எப்படிப் பாதித்தன என்பதையும் சுந்தர் ஆய்ந்து எழுதினார். கரை ஓரளவு நின்றது, சாலை பிழைத்தது. வளைவுகளின் மறைவில் ஃபைபர் படகுகளை ஏற்றி வைக்க இடம் கிடைத்தது. இந்தப் பயனைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது.

சிக்கல் அடுத்த குப்பத்தில் தொடங்குகிறது. கடைசி வளைவுக்கு வடக்கே மணல் வரத்துக் குறைய, அரிப்பு இடம்பெயர்கிறது. அங்குள்ளவர்கள் தங்களுக்கும் வளைவு கேட்கிறார்கள். வீட்டு வாசலில் கடல் நிற்கும்போது அவர்கள் வேறென்ன கேட்க முடியும்? இப்படியே கல் வரிசை எண்ணூர்க் குப்பங்களை நோக்கி நீண்டது. இடையே திருவொற்றியூர்க் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகமும் எழுந்திருக்கிறது.

இதை வடிவமைப்பின் பிழை என்று சொல்லிவிட முடியாது; காரணம் கணக்கின் இயல்பிலேயே இருக்கிறது. கரையோர மணலோட்டத்துக்குப் பொறியாளர்கள் பரவலாகக் கையாளும் சமன்பாட்டில், நகரும் மணலின் அளவு உடையும் அலையின் உயரத்தின் இரண்டரை அடுக்கைப் பொறுத்தது. அலை உயரத்தைப் பத்து விழுக்காடு கூடுதலாக மதிப்பிட்டால் மணல் அளவு சுமார் 27 விழுக்காடு கூடிவிடும். அலை கரையைத் தொடும் கோணம் 4 பாகையா 6 பாகையா என்பதிலேயே விடை ஒன்றரை மடங்கு மாறும். இது போதாதென்று, நிகர ஓட்டம் என்பது இரு பெரிய எண்களின் வேறுபாடு. வடக்கே 10 பங்கும் தெற்கே 7 பங்கும் போவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் பத்து விழுக்காடு பிழை இருந்தால், 3 என்று நாம் கருதும் நிகரம் 1.3-ஆகவும் இருக்கலாம், 4.7-ஆகவும் இருக்கலாம். ஆய்வகத்து அலைத்தொட்டியும் இதில் கைகொடுப்பதில்லை. அலையையும் கல்லையும் ஐம்பதில் ஒன்றாகச் சுருக்கலாம். ஆனால் 0.3 மில்லிமீட்டர் மணலை அப்படிச் சுருக்கினால் 0.006 மில்லிமீட்டர் ஆகும். அது மணலாக இயங்காது, வண்டலாகக் கலங்கும்.

ஆகவே இத்துறையில் உண்மையான சோதனைச்சாலை கட்டி முடித்த கரைதான். வளைவு எழுந்தபின் ஒவ்வொரு பருவத்திலும் கரைக்கோட்டையும் கடலடி ஆழத்தையும் அளந்து, முன்கணிப்போடு ஒப்பிட்டு, அந்த அளவீடுகளை எவரும் எடுத்தாளும்படி வெளியிட வேண்டும். வடிவமைப்புக்கு ஆலோசனைக் கட்டணம் உண்டு; பத்தாண்டு அளவீட்டுக்கு அதே உறுதியோடு நிதி ஒதுக்குவோர் அரிது. தையூரில் ஐ.ஐ.டி.யின் டிஸ்கவரி வளாகத்தில் 2023-இல் திறக்கப்பட்ட துறைமுகங்கள், நீர்வழிகள், கரைகளுக்கான தேசியத் தொழில்நுட்ப மையம் மத்தியத் துறைமுக அமைச்சகத்தின் ஆதரவில் இயங்குவது. ஆதரவு யாருடையதாயினும் அறிவியல் நேர்மையாக நடக்க முடியும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் துறைமுகம் கேட்கும் கேள்விக்குத் துறைமுகத்தின் எல்லையே இருக்கும். குப்பம் கேட்கும் கேள்விக்கும் அந்த மையத்தில் இடம் வேண்டும்.

மாற்று வழிகள் கற்பனையில் மட்டும் இருப்பவை அல்ல. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்துக்காகத் தூர்வாரும் மணலை வடக்கே நகரக் கடற்கரைக்குக் கொடுத்துவருகிறார்கள். 1980-களின் துறைமுகச் சுவர்களால் கரை இழந்த புதுச்சேரியில், தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018-இல் நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை இறக்கி மணலைத் திரும்பச் சேர்த்தது. இரண்டிலும் சுவர் மறித்த மணல் கரைக்குக் கடனாகக் கருதப்படுகிறது. சென்னையில் அந்தக் கடனை முறையாகத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு வேரூன்றவில்லை.

2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. அதற்கு வடக்கே மணல் வரத்துத் தடைபட்டது, தெற்கே கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தருகே மணல் குவிந்தது. அதற்கும் வடக்கே 2010-களில் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆய்வறிக்கை எழுதப்படும்போது, மெரினாவிலிருந்து பழவேற்காடு வரை ஓடும் ஒரே மணலாறு துண்டு துண்டாகிப் போகிறது. 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கரைமேலாண்மைத் திட்டம் இல்லாமல் புதிய தூண்டில் வளைவுகள் கூடாது என்ற நிலையை எடுத்தது இந்தத் துண்டாடலுக்கு எதிரான முதல் பெரும் தடை.

அந்தத் திட்டத்தை எழுதும் ஆய்வாளர்கள் முதலில் விடை காண வேண்டிய கேள்வி பழவேற்காட்டில் இருக்கிறது. ஏரியைக் கடலிலிருந்து பிரிப்பது ஒரு குறுகிய மணற்பட்டை. காட்டுப்பள்ளிக்கு வடக்கே மணல் வரத்து எவ்வளவு குறைந்திருக்கிறது, அந்தப் பட்டை எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கணக்கை, அடுத்த விரிவாக்கத்துக்கு அனுமதி கேட்கும் முன்பே, பிழை வரம்புகளோடு அங்குள்ள மீனவர்களின் முன் தமிழில் வைக்க வேண்டும்.